இருபதாம் லெவல் ஃபைட்டருக்கு எந்த ஹவுஸ் ரூல் சரிப்படும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் (2014) ஃபைட்டர் எனும் போர்வீரன் ஓடிவந்து தாண்டினால் எத்தனை அடி தாண்டலாம் என்பதற்குக் கணக்கு எளிது: வலிமை எண் எத்தனையோ அத்தனை அடி. முதல் லெவலில் வலிமை 16 என்றால் 16 அடி. இருபதாம் லெவலில் 20 ஆகியிருந்தால் 20 அடி. ஊர்க்காவலனாகத் தொடங்கி, நரகம்வரை போய்ச் சண்டை போட்டுத் திரும்பியவனுக்கு மொத்த வளர்ச்சி நான்கு அடி. கூடவே வந்த விசார்ட் (மந்திரவாதி) இதற்குள் 'விஷ்' மந்திரத்தைப் போட்டு உலகத்தையே மாற்றி எழுதிக்கொண்டிருப்பான். 2024 திருத்தத்தில் ஆயுதங்களுக்குத் தள்ளுவது, கவிழ்ப்பது என்று சில வித்தைகள் சேர்ந்தன. தாண்டும் கணக்கு மட்டும் அப்படியே கிடக்கிறது.

இதைச் சரிசெய்ய ஆளுக்கொரு ஹவுஸ் ரூல் (சொந்த விதி) வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே காட்சியில் வைத்து உரசிப் பார்ப்போம். அறுபது அடி உயரத்தில் ஒரு பழங்காலச் சிவப்பு டிராகன் வட்டமிடுகிறது. கவச எண் (அடி பட எட்ட வேண்டிய எண்) 22, உயிர்ப் புள்ளி 546. கீழே பெரிய வாளோடு நம் ஃபைட்டர்.

முதலில் எல்லா டிஎம்களும் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) கைவைப்பது டேமேஜில். கூடுதல் அடி, கூடுதல் பகடை. இது வீண் வேலை. பெரிய வாள் ஒரு வெட்டுக்குச் சராசரி 12. 'கிரேட் வெப்பன் மாஸ்டர்' என்ற ஃபீட் (கூடுதல் திறன்) இருந்தால் 22. ஒரு முறைக்கு நான்கு வெட்டு, 'ஆக்‌ஷன் சர்ஜ்' போட்டால் எட்டு. எட்டும் பட்டால் 176. விசார்டின் 'மீட்டியோர் ஸ்வார்ம்' சராசரி 140, அதில் பாதி நெருப்பு, சிவப்பு டிராகனை நெருப்பு தொடாது. ஒற்றை எதிரி என்றால் ஃபைட்டர் ஒன்றும் இளைத்தவனில்லை. ஆனால் அந்த எட்டு வெட்டையும் எங்கே போடுவது? உயரத் தாண்டலில் அவனுக்குக் கிடைப்பது எட்டடி. வில்லை எடுக்கலாமே என்பார்கள். பாயிண்ட் முழுவதையும் வலிமையில் கொட்டியவன் கையில் வில் சரியாக நிற்காது. பறக்கும் பூட்ஸ் கொடுத்தால் பிரச்சினை தீரும், வாஸ்தவம்தான். ஆனால் அது பூட்ஸின் பெருமை. கழற்றி எறிந்தால் மறுபடி எட்டடிதான்.

இரண்டாவது வழி, 'பேட்டில் மாஸ்டர்' என்ற ஃபைட்டர் உட்பிரிவின் மேனுவர்களை (போர்வித்தைகளை) எல்லா ஃபைட்டருக்கும் பொதுவாக்குவது. மேசையில் உடனே கலகலப்பு வரும், எழுதவும் அதிகமில்லை. மூன்றாம் லெவலில் இது அருமையான ரூல். பதினெட்டில்? பகடை டி8-லிருந்து (எட்டுமுகப் பகடை) டி12 ஆகிறது, வித்தை அதே வித்தைதான். எதிரியைப் பதினைந்து அடி தள்ளுகிறான், கால் இடறி விழ வைக்கிறான். டிராகன் இன்னும் மேலேதான் இருக்கிறது.

2006-ல் 3.5 பதிப்புக்கு வந்த 'டோம் ஆஃப் பேட்டில்' புத்தகம் இதைவிடத் துணிச்சலானது. போர்வித்தைகளை ஒன்பது பள்ளிகளாகப் பிரித்து, மந்திரங்களைப் போலவே ஒன்பது படிநிலைகளில் அடுக்கியது. அதைத் தழுவி ஹவுஸ் ரூல் எழுதுபவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் இரண்டு மனத்தாங்கல். ஒன்று, வாள்பிடித்தவனும் பட்டியலைப் புரட்ட ஆரம்பித்துவிடுகிறான். ஃபைட்டரை ஆட வருபவர்களில் பாதிப்பேர் பட்டியலுக்குப் பயந்து வந்தவர்கள். இன்னொன்று, வாசகத்தில் கோட்டைவிட்டால் ஆட்டமே கெடும். தன்மேல் இருக்கும் பாதிப்பு ஒன்றை உதறித் தள்ளும் 'அயர்ன் ஹார்ட் சர்ஜ்' என்ற வித்தையை அவ்வளவு தளர்வாக எழுதியிருந்தார்கள். இதை வைத்துச் சூரியனையே அணைத்துவிடலாம் என்று விளையாட்டுக்காரர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள்.

டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ் என்ற இன்னொரு விளையாட்டு போன பாதை வேறு. அதில் வாரியருக்குத் தாக்கும்போது கூடவே உருட்ட ஒரு 'டீட்' பகடை உண்டு. என்ன செய்யப்போகிறான் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்: கண்ணில் குத்துகிறேன், சங்கிலியைச் சிறகில் மாட்டி இழுக்கிறேன், எதுவானாலும் சரி. தாக்குதல் பட்டு, டீட் பகடையில் 3 அல்லது மேலே விழுந்தால் சொன்னது நடக்கும். பட்டியலே கிடையாது. முதல் லெவலில் டி3, பத்தாம் லெவலில் டி10+4, அதாவது உச்சத்தில் டீட் பகடை தவறவே தவறாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஐந்தாம் பதிப்புக்கு அப்படியே தூக்கிவந்தால் மட்டும் இடிக்கும்: நான்கு தாக்குதலுக்கு நான்கு சாகசம் என்றால் டிஎம்முக்குத் தலை சுற்றும். ஒரு முறைக்கு ஒன்று என்று கட்டுப்போட்டு, 5-ல் டி4, 11-ல் டி6, 17-ல் டி8 என்று வைத்தால் வெற்றி வாய்ப்பு 50, 67, 75 சதவீதம் என்று ஏறும். பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. அடி பட்டால்தான் டீட். எட்டாத டிராகனை அடிப்பது எப்படி?

அங்கேதான் பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டின் இரண்டாம் பதிப்பு (2019) ஜெயிக்கிறது. அதில் 15-ம் லெவலில் ஒரு திறமையை 'லெஜண்டரி' நிலைக்கு ஏற்றலாம். அத்லெடிக்ஸில் அந்த நிலைக்கு வந்தவன் 'கிளவுட் ஜம்ப்' எடுத்தால் நீளத் தாண்டல் மூன்று மடங்கு; உயரத் தாண்டலுக்கும் நீளத் தாண்டலின் கணக்கே. அக்ரோபாட்டிக்ஸில் வந்தவன் 'கேட் ஃபால்' எடுத்திருந்தால் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் கீறல் படாது. இதெல்லாம் விதியாக அச்சில் இருக்கிறது, டிஎம்மின் தயவு வேண்டாம். விசார்டின் உண்மையான பலமே அதுதானே? 'டெலிபோர்ட்' போடுகிறேன் என்று அவன் சொன்னால் எல்லோரும் புத்தகத்தைப் பார்ப்பார்கள். சுவரை உடைக்கிறேன் என்று ஃபைட்டர் சொன்னால் எல்லோரும் டிஎம் முகத்தைப் பார்ப்பார்கள்.

மனிதன் அவ்வளவு உயரம் தாண்டுவது யதார்த்தமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஐந்தாம் பதிப்பில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் டேமேஜ் 20டி6, அதிகபட்சம் 120. உடலுறுதி 16 உள்ள இருபதாம் லெவல் ஃபைட்டரின் சராசரி உயிர்ப் புள்ளி 184. மேகத்திலிருந்து விழுந்து தூசி தட்டிக்கொண்டு எழுந்து நடப்பவனிடம் 21-வது அடியில் மட்டும் யதார்த்தம் பேசுவது என்ன நியாயம்? ஆயிரம் யானையைக் கொன்றால்தான் பரணி என்று இலக்கணம் வகுத்தவர்கள் நம்மவர்கள். நமக்கு இதில் கூச்சமே தேவையில்லை.

பழைய வழி ஒன்றும் உண்டு: ஏடிஅண்ட்டி என்ற பழைய பதிப்பின் காலத்தில் ஒன்பதாம் லெவல் ஃபைட்டருக்குக் கோட்டையும் ஆள்படையும். அரசியல் பிடித்த குழுவுக்கு இது விருந்து, சண்டையில் உதவாது. தாக்குதலில் +3 உள்ள நூறு வில்லாளிகள் எய்தாலும் கவச எண் 22-ஐத் துளைப்பது சுமார் பத்து அம்புதான், பதிலுக்கு வருவது தொண்ணூறு அடி நெருப்பு. ஆறாம் லெவலோடு நிறுத்தி, அதன்பின் ஃபீட் மட்டும் தரும் 'ஈ6' முறை நேர்மையானது. ஆனால் உச்ச லெவலில் ஆட ஆசைப்படுகிறவனிடம் உச்சமே வேண்டாம் என்கிறது.

நான் எழுதுவதானால் வெட்டும்போது டீட் பகடை, மற்ற வேலைகளுக்கு லெஜண்டரி திறமை. 11-ம் லெவலில் தாண்டும் தூரம் மூன்று மடங்கு, 17-ல் பத்து மடங்கு: உயரத்தில் எண்பது அடி. டிராகனின் கழுத்தில் தொங்கிக்கொண்டு அந்த முறையின் டீட்: சிறகை மடக்குகிறேன். டி8-ல் 3 விழுந்தால் இருவரும் சேர்ந்து தரைக்கு வருகிறார்கள், மிச்ச வெட்டு மூன்றும் அங்கே. இதே சலுகையை பார்பேரியனுக்கும் கொடுங்கள். ரோகுக்கு (திருடனுக்கு) தாண்டல் வேண்டாம். எதிரி கையில் பிடித்திருக்கும் பொருளையே உருவிக்கொள்ளும் பாத்ஃபைண்டரின் 'லெஜண்டரி தீஃப்' போதும். விசார்டின் மந்திரங்களில் கைவைக்காதீர்கள். ஒன்றைப் பிடுங்கினால் அந்த ஆட்டக்காரர் இன்னொன்றைக் கண்டுபிடிப்பார். புத்தகத்தில் அவ்வளவு இருக்கிறது.