அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவது என்ற முடிவோடுதான் டொராண்டோவிலிருந்து கிளம்பினேன். இல்லத்தைப் போய்ப் பார்த்தேன், சுத்தமாகவே இருந்தது. "அங்கே வந்து என்னை யார் பார்ப்பார்கள்?" என்று அம்மா கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றது.

அடுத்த நாள் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் வந்தார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. வந்தவர் பக்கத்துத் தெருப் பெண். ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு மாடத்திலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினார். நான்கு மிச்சம். "அத்தை, வெள்ளிக்கிழமை விரதத்துக்கு மாத்திரையையும் விட்டுவிடுகிறீர்களா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வாரம் தவறாமல் தொலைபேசியில் "மாத்திரை போட்டாயாம்மா?" என்று கேட்கும் எனக்கு இது தெரியவே தெரியாது.

இயன்முறை சிகிச்சையாளரும் ஒருநாள் வந்தார். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்திப் பத்து எண்ணும்வரை நிறுத்தச் சொன்னார். தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் அரிசியும் வாசலுக்கே வருகிறது. அம்மாவின் தேய்ந்த விரல் ரேகை மூன்றாவது முறைதான் இயந்திரத்தில் பதிந்தது.

ஆனால் இவர்கள் எல்லோரும் பகலில் வருபவர்கள். போன ஐப்பசியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தது நள்ளிரவில். விடியற்காலை பால்காரர் குரல் கொடுக்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறாள். குளிப்பாட்டவும் இரவில் துணைக்கு இருக்கவும் எந்தத் திட்டத்திலும் ஆள் இல்லை. ஊருக்கு நான்கு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒழுங்கான சம்பளத்தில் இந்த வேலைக்கு அமர்த்தினால் எத்தனையோ பேர் சொந்த வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்காது. அரசு இதைச் செய்தே ஆக வேண்டும்.

நான் கொத்தனாரைக் கூப்பிட்டுக் குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பதிக்கச் செய்தேன். இரவுத் துணைக்குத் தெருவிலேயே ஒருவரைச் சம்பளம் பேசி வைத்தேன். வெளிநாட்டுப் பணம் வருவதால் எங்களால் முடிந்தது. எதிர்வீட்டு ஆச்சிக்கு முதியோர் உதவித்தொகை மட்டும்தான். 2023இல் அதை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தினார்கள். அதில் துணைக்கு யாரை வைத்துக்கொள்வது? இரவில் அவரையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா. நான் கிளம்புவதற்கு முந்தின நாளே பாயும் தலையணையுமாக வந்துவிட்டார்.