ரோமில் 'எத்தோ' என்ற சொல்லைக் கவனியுங்கள்: 8 யூரோ என்று நம்பிய மீனுக்கு 112 யூரோ

முதன்முறையாக வெளிநாடு போய், ரோமில் நல்ல உள்ளூர்ச் சாப்பாட்டைத் தேடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் அக்காவும் அங்கே சாப்பிட்ட முதல் இரவுணவுக்கு எங்களிடம் நீட்டப்பட்ட துண்டுச்சீட்டில் 155 யூரோ 10 சென்ட் என்று எழுதியிருந்தது. உணவகத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இதே வித்தையை வேறு பெயர்ப்பலகைக்குக் கீழேயும் காட்டலாம் என்பதால், நடந்த விதத்தைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

பியாட்சா நவோனா என்ற சதுக்கத்துக்குப் பின்புறச் சந்து ஒன்றில், மாலை ஆறரை மணிக்கே மேசைகள் நிரம்பியிருந்ததைப் பார்த்து, கூட்டம் இருப்பதால் நல்ல கடையாகத்தான் இருக்கும் என்று நுழைந்தோம். ரோம் நகரத்தார் பெரும்பாலும் எட்டு மணியை ஒட்டித்தான் இரவுணவுக்கு உட்காருவார்கள் என்பதும், அந்த நேரத்துக் கூட்டம் முழுவதும் எங்களைப் போன்ற பயணிகள் என்பதும் எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

உணவுப் பட்டியலை முழுதாகப் பார்க்குமுன்பே, பரிமாறுபவர் பனிக்கட்டித் துருவலின்மேல் கிடத்திய இரண்டு பிரான்சினோ மீன்களைத் தட்டோடு கொண்டுவந்து காட்டினார். கண் தெளிந்து, செதில் மின்னிய நல்ல மீன்கள்தாம்; அதில் குறை சொல்வதற்கில்லை. விலை கேட்டபோது, பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருந்த 8 என்ற எண்ணின் ஓரத்தில் விரலை வைத்தார். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த 'எத்தோ' என்ற சொல்லை அவருடைய விரல் மறைத்ததா, நான்தான் கவனிக்கவில்லையா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எத்தோ என்றால் 100 கிராம். இத்தாலியில் முழு மீனுக்கு இப்படி விலை குறிப்பது வழக்கந்தான். மோசடி அந்த வழக்கத்தில் இல்லை, எங்கள் கண்முன் எடை போடாமல் மீனை அடுப்புக்கு அனுப்பியதில் இருந்தது. பில்லில் 14 எத்தோ, அதாவது 1.4 கிலோ என்று கணக்கிட்டு 112 யூரோ போட்டிருந்தார்கள். அவை இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவாவது தேறியிருக்குமா என்று அக்கா கேட்டார், ஆனால் முள் மட்டும் மிஞ்சிய தட்டை வைத்துக்கொண்டு எதை நிறுத்துக் காட்டுவது? கேட்காமலே வந்த முன்னுணவுத் தட்டுக்கு 18, ரொட்டிக்கு 6, தண்ணீருக்கு 5, எல்லாவற்றின்மேலும் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம்.

கையால் எழுதிய அந்தச் சீட்டை ஏற்காமல், 'ஸ்கொன்ட்ரீனோ' எனப்படும் அச்சிட்ட ரசீது வேண்டும் என்று நான் வற்புறுத்தியபோது, சேவைக் கட்டணம் மட்டும் மாயமாகி, தொகை 141 யூரோவாக இறங்கியது. மீன் கணக்கில் அவர்கள் அசையவே இல்லை. ஆகவே மீன் வாங்குவதென்றால், சமைப்பதற்கு முன்பே உங்கள் எதிரில் நிறுக்கச் சொல்லி, மொத்த விலையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காத தட்டு வந்தால், தொடாமல் திருப்பி அனுப்புங்கள். ரோம் அடங்கிய லாட்சியோ வட்டாரத்தில் 'கோபெர்த்தோ' என்ற, மேசையில் உட்காருவதற்கே ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணத்தை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஆனால் ரொட்டிக்கு விலை வாங்கலாம் என்பதால், வேண்டாமென்றால் அதையும் உடனே சொல்லிவிடுங்கள். பட்டியலில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அது பெரும்பாலும் உறையவைத்த பொருள் என்று பொருள்.

மறுநாள், பழைய இறைச்சிக்கூடம் இருந்த தெஸ்தாச்சோ பகுதிக்குப் போய், துண்டு போட்டு விற்கும் பீட்சாக் கடை ஒன்றில் நின்றோம். அங்கேயும் எடைக் கணக்குத்தான், அதே எத்தோதான். கடைக்கார அம்மாள் நீளத் தட்டின்மேல் கத்தியை வைத்து, வெட்டாமல், "இவ்வளவு போதுமா?" என்பதுபோல் எங்கள் முகத்தைப் பார்த்தார், அக்கா விரலால் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்ன பிறகே வெட்டி, எண்கள் எங்களுக்குத் தெரியும்படி தராசில் வைத்தார்.