உரித்த விதைக்கடலை வாங்கிய கதை: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு விதைக்கடை, பெயர் வேண்டாம். பொள்ளாச்சி வரை போகச் சோம்பல்பட்டு ஆடிப்பட்டத்துக்கு 20 கிலோ விதைக்கடலை அங்கேயே வாங்கினேன். எல்லாம் உரித்த பருப்பு. மூட்டை கிடந்த இடம் தகரக் கூரைக்கு நேர் கீழே, உள்ளே நின்றாலே வேர்க்கிறது.

"எப்பங்க உரிச்சது?"

"நேத்துதானுங்க வந்துச்சு."

நான் கேட்டது வந்ததை இல்லை, உரித்ததை. மூட்டையில் சான்று விதைக்கான நீல அட்டையும் இல்லை. அதைப் பார்த்த பிறகும் காசைக் கொடுத்தது என் தப்புதான்.

வீட்டில் நூறு பருப்பை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்ததில் 61 முளைத்தது. சான்று விதை என்றால் 70 ஆவது வரவேண்டும். அதைவிட எனக்கு உறுத்தியது ஊறிய தண்ணீர். கலங்கிப்போய் எண்ணெய் வாடை அடித்தது. கடலையில் எண்ணெய் அதிகம், ஓட்டை நீக்கிவிட்டுச் சூட்டிலும் ஈரத்திலும் போட்டால் சீக்கிரம் காறும், உள்சவ்வு தளர்ந்து சத்தெல்லாம் தண்ணீரில் கசியும். ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தாலோ, சூடு 5 டிகிரி குறைந்தாலோ விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. தகரக் கூரை அதற்கு நேர் எதிர்.

சரி, வாங்கியாயிற்று. லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்து 6 மணி நேரம் ஊறவைத்து, ராத்திரி முழுக்க ஈரச்சாக்குக்கு நடுவில் பரப்பி, காலையில் முளை எட்டிப் பார்த்ததை மட்டும் பொறுக்கி நிழலில் உலர்த்தி விதைத்தேன். சும்மா பார்க்கலாமே என்று நாலு சால் மட்டும் அப்படியே போட்டேன். ஊறவைத்தது ஆறாம் நாள் ஒன்றுபோல் மேலே வந்தது. அந்த நாலு சாலில் பத்தாம் நாளும் ஒன்றிரண்டாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, நடுவில் பொக்கை வேறு. தளர்ந்த விதையை இது தூக்கிவிடும், செத்ததை எழுப்பாது. 20 கிலோவில் சுமார் 7 கிலோ கழித்துப் போட்டது யார் கணக்கு? இன்னொன்று, ஊறவைத்து உலர்த்தியதை அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், சாதா விதையைவிட அது சீக்கிரம் கெடும்.

கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு, எடை சுத்தம், பேச்சும் மரியாதை. அந்த இரண்டு நட்சத்திரம் அதற்கு. போய்ச் சொன்னேன். "அடுத்த தடவை காயாவே தர்றனுங்க, நீங்களே உரிச்சுக்குங்க" என்றார். ஏழு கிலோவைப் பற்றி வாயே திறக்கவில்லை.