குட்டிப் பச்சோந்திக்கு வலைக்கூண்டா, கண்ணாடிப் பெட்டியா?

இது ஏமன், சவுதி அரேபியாவைச் சேர்ந்த வெய்ல்டு (veiled) என்ற வகைப் பச்சோந்திக் குட்டிக்கான ஒப்பீடு. (நம்மூர்ப் பச்சோந்தியை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்கக் கூடாது.)

என் ஓட்டு வலைக்கூண்டுக்கே. சூடும் ஈரமுமாகக் காற்று தேங்கி நின்றால் பச்சோந்திக்கு நுரையீரல் தொற்று எளிதில் வரும். வலையில் அந்தப் பயம் குறைவு. அப்புறம், கண்ணாடியில் தன் பிம்பத்தையே இன்னொரு பச்சோந்தி என்று நினைத்து மிரளும் குட்டிகள் உண்டு. உடம்பைத் தட்டையாக்கி, நிறம் கறுத்து, வாயைப் பிளந்து நிற்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஆனால் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடிக் காற்று வறண்டுபோகும் வீட்டில் வலைக்கூண்டில் ஈரம் நிற்காது. அங்கே கண்ணாடிப் பெட்டி சரி; மேல்பக்கம் வலையாகவும், கீழே காற்று நுழைய வழியும் இருக்க வேண்டும். யுவிபி (UVB) எனும் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு அந்த மேல்வலைக்கு மேலேதான் இருக்க வேண்டும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்; கதிர் கிடைக்காத குட்டிக்குக் கால்சியம் உடம்பில் சேராமல் எலும்பு வளைந்துபோகும்.

எதை வாங்கினாலும் அகலத்தைவிட உயரம் பாருங்கள். வெயில் காயும் கிளையில் 29 டிகிரி செல்சியஸ் போதும். கிண்ணத்துத் தண்ணீரைக் குட்டி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. உள்ளே ஒரு செம்பருத்திச் செடி வைத்துத் தண்ணீர் தெளித்தால், இலைத் துளிகளை நக்கிக் குடிக்கும்.