700 கிராம் தேங்காய் நார் வலை: வேலூர் செம்மண் சரிவில் எவ்வளவு தாங்கும்?

காட்பாடி, அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் மனை வாங்கி, கிராவல் கொட்டி மேடாக்கியவர்கள் ஐப்பசி மழை ஓய்ந்ததும் பார்ப்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான். சரிவின் மேல் விளிம்பில் விரல் தடிமனில் தொடங்கிய நீர்க்கோடு, கீழே வரும்போது கால் நுழையும் அளவுக்கு அறுத்திருக்கும். அடியில் செம்மண் விசிறிபோலப் படிந்து கிடக்கும். இதற்குப் பலரும் தேடி வருவது, கடையில் ‘காயர் மேட்’ என்று கேட்டால் கிடைக்கும் தேங்காய் நார் வலை. சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்ற எடைகளில் வருகிறது. இங்கே பேசுவது 700 கிராம் வலையை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மழைநீர் மேல்மண்ணை அரிப்பதுதான் பிரச்சினை என்றால், இந்த விலைக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. ஆனால் இது மண்ணின் தோலைத்தான் பிடிக்கும், உள்ளே இருப்பதைப் பிடிக்காது. மேட்டின் உச்சியில் விளிம்புக்கு இணையாக நீள வெடிப்பு ஓடினாலோ, சரிவின் அடி வயிறு போலப் புடைத்தாலோ, மேலே நட்ட வேலிக்கல் வெளிப்பக்கம் சாய்ந்தாலோ, மண் ஆழத்தில் நகர்கிறது என்று பொருள். அந்த இடத்தில் வலை விரிப்பது வெடிப்பை மறைக்கும், அவ்வளவுதான். கீழே குடியிருப்பவர்களுக்கு அது ஆபத்து.

வலை வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு குறுக்குக் கயிறும் ஒரு குட்டி வரப்பு. ஓடிவரும் தண்ணீரை அங்கங்கே மறித்து வேகத்தைக் குறைக்கிறது. மழைத்துளி நேரே மண்ணை அடிப்பதையும் பெருமளவு தடுக்கிறது. நார் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் புல் முளைக்க ஈரம் கிடைக்கிறது. சணல் விரிப்பு ஒரு வருடத்தில் மக்கிவிடும். தேங்காய் நாரில் லிக்னின் (நாரைக் கெட்டியாக்கும், எளிதில் மக்காத பொருள்) அதிகம், அதனால் இரண்டு மூன்று வருடம் நிற்கும். அதற்குள் புல்லின் வேர் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். புல் வராத சரிவில் வலை மட்டும் போட்டால், அது மக்கும் நாளில் பழைய கதை திரும்பும்.

1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் படுக்கை உள்ள சரிவுக்கு 400 கிராமே போதும். 1 மீட்டருக்கு 1.5 மீட்டர் என்று நிமிர்ந்தால் 700 எடுங்கள்.

வாங்கும்போது ஏமாறுவது எடையில்தான். 700 என்று பில் போட்டு, கண் பெரிதான இளகிய வலையைக் கொடுப்பது நடக்கிறது. ஈரமான ரோலும் கனமாகத்தான் இருக்கும். அரை மீட்டருக்கு அரை மீட்டர் ஒரு துண்டு வெட்டி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மளிகைக்கடைத் தராசில் போடுங்கள். 175 கிராம் அருகே வர வேண்டும். 100 கிராம்தான் காட்டுகிறது என்றால் அது 400 கிராம் சரக்கு. பில்லில் ஐ.எஸ். 15869 என்ற தர எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். நார் வலைக்கான இந்திய தரநிர்ணயம் அதுதான். விரிக்கும் முறைக்கு ஐ.எஸ். 15872 இருக்கிறது.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. மேடு 3 மீட்டர் உயரம், 30 மீட்டர் நீளம், சரிவு 1.5-க்கு 1. சரிவின் மேல் அளந்தால் 5.4 மீட்டர் வரும். வலையின் நுனியைப் புதைக்கும் உச்சிப் பள்ளத்துக்கு 60 சென்டிமீட்டர், அடிக்கு 30 சேர்த்தால் ஒரு துண்டு 6.3 மீட்டர். 2 மீட்டர் அகல ரோலில் அடுத்த துண்டின் மேல் படியும் 15 சென்டிமீட்டர் மேலடுக்கு போக 1.85 நிற்கும், ஆக 17 துண்டு. 50 மீட்டர் ரோலில் 7 துண்டுதான் வெட்ட முடியும், மிச்சம் வீண். எனவே 3 ரோல். 162 சதுர மீட்டர்தானே என்று 2 ரோல் வாங்கினால் மூன்று துண்டு குறையும். ஒரு ரோல் 70 கிலோ, மேட்டில் ஏற்ற இரண்டு ஆள் கட்டாயம் வேண்டும். 8 மி.மீ. கம்பியில் கால் 20 சென்டிமீட்டர் வைத்து வளைத்த ‘ப’ ஆணி சுமார் 400, கம்பி மட்டும் 70 கிலோ ஆகும்.

விரிப்பதில்தான் முக்கால்வாசி வேலை கெடுகிறது. ஏற்கெனவே விழுந்த அரிப்புக் கோடுகளைக் கிராவல் போட்டு இடித்து நிரப்பி, கல்லையும் வேரையும் எடுத்து, சரிவைச் சமமாக்குங்கள். விதையை முதலில் தூவுங்கள். உச்சியில் விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் பள்ளம் தோண்டி, வலையின் நுனியை அதில் இறக்கி, ஆணி அடித்து, மண் போட்டு இடிக்க வேண்டும். இந்த அரை மீட்டரையும் ஒவ்வொரு துண்டின் நீளத்தில் கூட்டுங்கள். அப்படிக் கூட்டினாலும் ரோலுக்கு 7 துண்டு தேறும். பள்ளத்தைத் தவிர்த்தால் மேலிருந்து வரும் தண்ணீர் வலைக்கு அடியில் புகுந்து, வலை அப்படியே இருக்க மண் மட்டும் காணாமல் போகும். பிறகு மேலிருந்து கீழாக உருட்டுங்கள். கொடித்துணி மாதிரி இழுத்துக் கட்டக்கூடாது. இழுத்தால் குழியான இடங்களில் வலை மண்ணைத் தொடாமல் தூக்கி நிற்கும். கையால் அழுத்திப் பார்த்து, தொங்கும் இடத்திலெல்லாம் கூடுதல் ஆணி போடுங்கள். பொதுவாக மீட்டருக்கு ஓர் ஆணி, மேலடுக்கில் அரை மீட்டருக்கு ஒன்று. நீளத்தில் ஒட்டுப் போட நேர்ந்தால், கூரை ஓடு போல மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் படிய வேண்டும். நம் பக்கத்துக் கெட்டிக் கிராவலில் 8 மி.மீ. ஆணி இறங்காமல் வளையும். கடப்பாரையால் துளை போட்டு இறக்குங்கள், அல்லது 12 மி.மீ. கம்பியில் கொக்கி வளைத்து அடியுங்கள்.

மாதம் முக்கியம். ஆடிப்பட்டத்தில் விரித்து விதைத்தால், வடகிழக்குப் பருவமழை இறங்கும் முன் வேர் பிடித்திருக்கும். கார்த்திகையில் பதறிக்கொண்டு விரித்தால் விதை கீழே போய்ச் சேரும். பங்குனியில் விரித்தால் வேலூர் வெயில் நாற்றைக் கருக்கிவிடும். அருகம்புல், கொழுக்கட்டைப் புல், முயல் மசால் மூன்றும் இந்த மண்ணுக்கு ஒத்துவரும். கூடவே சரிவுக்குக் குறுக்காக மீட்டருக்கு ஒரு வரிசை வெட்டிவேர் நாற்று, 15 சென்டிமீட்டர் இடைவெளியில், வலையின் கண் வழியாக நட்டால் பிடிப்பு நன்றாகக் கூடும்.

எங்கே வேண்டாம்? 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது போல ஆற்று நீர் நேரே மோதும் கரைக்கும், ஏரிக்கரையின் அலையடிக்கும் பக்கத்துக்கும் இது ஆகாது. அங்கே நெய்யாத ஜியோடெக்ஸ்டைலை (தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் செயற்கைத் துணி) வடிகட்டியாக விரித்து மேலே கருங்கல் அடுக்குவதுதான் முறை. 1-க்கு 1 சரிவில், புல் ஒட்டாத உதிர்பாறை மண் என்றால் 100 மி.மீ. ஆழமுள்ள ஜியோசெல் (தேன்கூடு போல விரியும் பிளாஸ்டிக் அறைகள், உள்ளே மண் நிரப்புவது) பாருங்கள். கார்பன் பிளாக் (கரித்தூள்) கலந்த கறுப்பு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் நம் வெயிலை நன்றாகத் தாங்கும். அறைகளை உச்சியிலிருந்து கீழ்நோக்கி நிரப்ப வேண்டும். ஜே.சி.பி. வாளியை உயரத்திலிருந்து கவிழ்த்தால் அறைகள் நசுங்கிப் படுத்துவிடும்.

ஆழத்தில் நகரும் மேட்டுக்கு ஜியோகிரிட் (மண் அடுக்குகளுக்கு நடுவே விரிக்கும் பலமான செயற்கைக் கட்டவலை) வைத்து மண்ணை அடுக்கடுக்காகத் திரும்பக் கட்ட வேண்டும். அது மண் பரிசோதனையும் பொறியாளர் கணக்கும் வேண்டிய வேலை, கடைக்காரர் சொல்லுக்குச் செய்யாதீர்கள். ஒன்றை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒருதிசை ஜியோகிரிட்டில் பலம் ரோலின் நீளவாக்கில்தான் இருக்கும். அதைச் சரிவின் முகத்திலிருந்து உள்நோக்கி உருட்ட வேண்டும். வேலை சீக்கிரம் முடியும் என்று விளிம்பை ஒட்டி நீளமாக உருட்டுகிறார்கள். அப்படிப் போட்டால் பலம் தவறான பக்கம் போய்விடும். பின்னால் ஜல்லியும் துளைக்குழாயும் வைத்து ஊற்றுநீரை வெளியேற்றாவிட்டால் எந்த கிரிட்டும் காப்பாற்றாது.

நார் வலை போட்ட சரிவில் முதல் ஆறு மாதம் ஆடு ஏறாமல் முள் அடைத்து வையுங்கள். ஆடு புல்லைக் கடிப்பதோடு நிற்காது, அதன் குளம்பு ஆணிகளையும் கிளப்பும். கோடையில் அருகில் குப்பை கொளுத்த விடாதீர்கள், காய்ந்த நாரும் புல்லும் சேர்ந்து சீக்கிரம் பற்றிக்கொள்ளும். முதல் பெருமழை முடிந்த மறுநாள் காலை உச்சிப் பள்ளத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். மண் உள்வாங்கியிருந்தால் அன்றைக்கே இரண்டு சட்டி மண் போட்டு மிதித்துவிடுங்கள்.