மூட்டு வருத்தக்காரருக்குக் கீரிமலைக் கேணி

பிசியோதெரபி வேலையில் இருக்கிறபடியால், முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாற ஆச்சிமார் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: "பிள்ளை, கீரிமலையில முழுகினா சுகம் வருமோ?" வரும். ஆனால் யாழ்ப்பாணத்தில் கடலோரத்தில் இருக்கிற இந்த ஊற்றுக் கேணியில் எதற்குச் சுகம் வரும், எதற்கு வராது என்று தெரிந்துகொண்டு போக வேணும்.

என் அம்மாவுக்கு முடக்குவாதம். விடிய எழும்பினால் விரல் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவா. பெண்களின் கேணி மதிலுக்குள் இருப்பதால் அவ கூச்சப்படாமல் இறங்குவா. படியில் பாசி வழுக்கும், ஒருவர் கையைப் பிடிக்க வேணும். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் பாரத்தில் பாதி குறையும். கழுத்தளவில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். தரையில் முழங்காலை மடிக்க அழுகிற மனுசி, அங்கே காலை முன்னும் பின்னும் வீசி நடக்கிறா! அதற்கே அந்தக் கேணிக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். ஆடி அமாவாசையில் மட்டும் வேண்டாம். பிதிர்க்கடன் செய்ய வாற சனத்துக்குள் நோகிற காலோடு நிற்க முடியாது.

கீரிமலையில் முழுகிக் குதிரை முகம் நீங்கினா என்று கதையில் வாற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியை நம்பிப் போறவர்களுக்கு இங்கிலாந்தின் பாத் நகர ஆஸ்பத்திரியின் கதையையும் சொல்லுவேன். சுடுநீர் ஊற்றை நம்பி 1738இல் அத்திவாரம் போட்டு, 1742இல் ஏழைகளுக்குத் திறந்தது. கட்டக் கல் கொடுத்தவர் கற்சுரங்கச் சொந்தக்காரர் ரால்ப் அலன். அப்போது அந்த ஊராருக்கு அனுமதியில்லை, வெளியூராருக்குத்தான். திரும்பிப் போகவோ, செத்தால் அடக்கம் செய்யவோ என்று முற்பணமும் வாங்கினார்கள். ஆனால் யார் தேறினார், யார் தேறவில்லை என்று பதிந்து வைத்தார்களே, அதைத்தான் நான் மதிக்கிறேன். ஈயம் உடம்பில் ஏறிக் கைகால் விழுந்தவர்கள் பலர் அங்கே தேறியிருக்கிறார்கள். கழுத்தளவு நீரில் இருந்தால் சிறுநீரோடு ஈயம் கூடுதலாக வெளியேறும் என்று 20ஆம் நூற்றாண்டில் பரிசோதித்தும் கண்டார்கள்.

முடக்குவாதம் அப்படிக் கழுவுப்படாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தின்கிற வருத்தம் அது. அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்க டொக்டர் எழுதிய மெதோட்ரெக்சேட் குளிசையைக் கிழமைக்கு ஒருக்கால் போட்டுக்கொண்டே கேணிக்குப் போங்கோ. இரத்தப் பரிசோதனையையும் விடாதேங்கோ. மூட்டு சிவந்து கொதிக்கிற நாளில் வீட்டில் இருங்கோ. விடியக் காலமையும் வேண்டாம், விறைப்புத் தளர்ந்து வெய்யில் ஏறின பிறகு இறங்கலாம். தடித்த துவாயும் மாற்றுடுப்பும் கட்டாயம்.