கணையக் கட்டி, பித்தக்குழாய் அடைப்பு சாம்பிளுக்கு எது நல்லாருக்கு: ஸ்மியரா, லிக்விட் பேஸ்டா, செல் பிளாக்கா?

தஞ்சாவூர்ல ஒரு லேப்ல சைட்டாலஜி (செல்லை மைக்ரோஸ்கோப்ல பாத்து நோயைக் கண்டுபிடிக்கிறது) பாக்குறேன், கும்பகோணம் மாயவரம் திருவாரூர்னு சுத்துப்பட்டு ஊர்லேருந்து மஞ்சக்காமாலையோட வர்றவங்க சாம்பிள்தான் நெறைய வரும். மூணு முறையிலயும் ஸ்லைடு போட்டுப் பாத்துட்டுதான் எழுதுறேன், எந்தக் கம்பெனிக்காகவும் இல்ல.

மொதல்ல சாதா ஸ்மியர். எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியா 22 இல்ல 25 கேஜ் ஊசியில உறிஞ்சினதை ஸ்லைடுல இழுத்து, ஒண்ணை 95 சதவீத ஆல்கஹால்ல போட்டு பாப் ஸ்டெயின், இன்னொண்ணைக் காயவிட்டு ஜிம்சா (ரெண்டும் செல்லுக்கு ஏத்துற சாயம்). செலவு கம்மி, மியூசின் (சளி), நெக்ரோசிஸ் (செத்த திசு) எல்லாம் செல்லுக்குப் பின்னணியில அப்படியே தெரியும். சைட்டாலஜி டாக்டர் அந்த ரூம்லயே மைக்ரோஸ்கோப்போட உக்காந்து, செல் வந்துருச்சு போதும் சார்னு சொல்ற வசதி இருந்தா கணையத்துக்கு என் ஓட்டு இதுக்குதான். ஆனா நம்ம பக்கம் எத்தனை எடத்துல அந்த வசதி இருக்கு சொல்லுங்க. ஆள் இல்லாத எடத்துல ரத்தத்தோட தடிமனா இழுத்துடுறாங்க, இல்லன்னா ஆல்கஹால்ல போடுறதுக்குள்ள ஃபேன் காத்துல காஞ்சு நியூக்ளியஸ் (செல்லோட கரு) உப்பிப்போய் பாப் ஸ்டெயின்ல ஒண்ணுமே புரியாது, சித்திரை வைகாசியில இது இன்னும் மோசம்.

அந்த மாதிரி எடத்துக்கு லிக்விட் பேஸ்டுதான் சரி, அதாவது செல்லைத் திரவத்துல போட்டு அனுப்பி மெஷின்ல ஸ்லைடு பண்றது. எடுத்ததை அந்தத் திரவம் இருக்குற சின்ன பாட்டில்ல (வயல்னு சொல்லுவோம்) கழுவி விட்டா போதும், பஸ்ல வந்தாலும் செல் கெடாது (வெயில்ல நிக்கிற வண்டியில மட்டும் விட்டுடாதீங்க). இதுல ரெண்டு பிராண்டு இருக்கு, தின்பிரெப் செல்லை ஃபில்டர்ல புடிக்கும், ஷூர்பாத் அடர்த்தி வித்தியாசத்துல படிய வைக்கும், ரெண்டுலயும் ரத்தமும் சளியும் பெரும்பாலும் போயிடும், செல்லெல்லாம் திருந்திய நெல் நடவுல நாத்து நிக்கிற மாதிரி எடம்விட்டு நிக்கும். பித்தக்குழாய் பிரஷ்ஷுக்கு (குழாய்க்குள்ள சின்ன பிரஷ்ஷால தேச்சு எடுக்கிற சாம்பிள்) நான் இதைத்தான் கேப்பேன், பிரஷ் நுனியையே வெட்டி வயல்ல போட்டு அனுப்புங்க, கழுவினதுக்கப்புறமும் அதுல எவ்வளவோ செல் ஒட்டிட்டிருக்கும். குறைன்னு பாத்தா வயல், மெஷின் எல்லாம் விலை ஜாஸ்தி, செல் சுருங்கித் தெரியும், பின்னணியில மியூசின் கொறைஞ்சுடும், ஸ்மியர் பாத்துப் பழகின கண்ணுக்கு இது பழக கொஞ்ச நாள் புடிக்கும்.

செல் பிளாக்கை யாரும் பெருசா மதிக்கிறதில்ல, எனக்கு அதுதான் ஆதங்கம். ஊசியில மிஞ்சினதை ஃபார்மலின்ல போட்டு மெழுகுக்கட்டியா பண்ணிட்டா ஸ்பெஷல் ஸ்டெயினுக்கு வெட்டிக்கிட்டே இருக்கலாம். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின்னு ஸ்பெஷல் ஸ்டெயின் போட்டு நியூரோஎண்டோகிரைன் கட்டின்னு (ஹார்மோன் சுரக்கிற வகை செல்லுல வர்ற கட்டி) தெரிஞ்சா அந்த நோயாளிக்கு வைத்தியமே வேற, சின்ன வயசுப் பொண்ணுன்னா பீட்டா கேட்டனின் ஸ்டெயின் போட்டு சாலிட் சூடோபாப்பிலரிங்கிற கணையக் கட்டியான்னு பாக்கலாம், அது ஆபரேஷன்ல பெரும்பாலும் குணமாகிற கட்டி. சில சமயம் செல் பத்தாம மெழுகுக்கட்டி வெறுமையா வரும், ரிப்போர்ட்டும் லேட்டாகும். அதுக்காக மிச்சத்தை சிங்க்ல கொட்டாதீங்க.

நோயாளி வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பித்தக்குழாய் பிரஷ்ல கேன்சர்னு வந்தா அது அநேகமா கேன்சர்தான், ஆனா நெகட்டிவ்னு வந்தா இல்லன்னு அர்த்தம் கிடையாது, எந்த முறையில போட்டாலும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கேன்சர் நழுவிடும். ஸ்கேன்ல சந்தேகம் இருந்தா மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்க, இல்ல ஊசி பயாப்சி பண்ண முடியுமான்னு கேளுங்க. 2022ல வந்த டபிள்யூ.ஹெச்.ஓ. முறையில ரிப்போர்ட்டை 7 வகையா பிரிச்சிருக்காங்க, அதுல எடிபிக்கல்னு போட்டிருந்தா நல்லதுன்னும் இல்ல கெட்டதுன்னும் இல்ல, மேல பாக்கணும்.

எண்டோஸ்கோப்பி பண்ற டாக்டர்களே, ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கிற சின்னக் குழாய்) வைக்கிறதுக்கு முன்னாடியே பிரஷ் எடுத்துடுங்க. ஸ்டென்ட் உரசி உரசி நல்ல செல்லே கேன்சர் மாதிரி முகம் மாறி நிக்கும். முடியலைன்னா ஃபார்ம்ல ஸ்டென்ட் இருக்கு, இத்தனை நாளாச்சுன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க சார், ஸ்லைடைப் பாக்குறப்போ எங்களுக்கு அது அவ்வளவு உதவி.